வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பு: உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது

உதவித்தொகை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நீளமான பட்டியலைச் சேகரிப்பதில் தொடங்குகிறார்கள். நாற்பது பெயர்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, கடைசித் தேதி நெருங்குகிற வரிசையில் ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்புவார்கள். நாற்பதிலிருந்தும் ஒரே பதில் வரும். பட்டியலைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பணம் யாருடையது, எதற்காகக் கொடுக்கிறார்கள்?

செவனிங் உதவித்தொகை 1983 முதல் பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பணத்தில் நடக்கிறது. நாளைக்குத் தன் நாட்டில் முடிவெடுக்கும் இடத்துக்கு வரக்கூடியவர் யார் என்று அவர்கள் தேடுகிறார்கள். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ஈபாஸ் (EPOS) திட்டத்துக்கு அந்நாட்டு வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் பணம் தருகிறது. வளரும் நாடுகளில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர் படித்துவிட்டு அதே துறைக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் முதலில் எடைபோடப்படுவது கல்வித் தகுதி. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் நிதியும் அப்படியே. உலக வங்கியோடும் ஆசிய வளர்ச்சி வங்கியோடும் சேர்ந்து ஜப்பான் அரசு தரும் உதவித்தொகைகள் இரண்டுமே பணி அனுபவம் உள்ளவர்களுக்கானவை.

இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். இப்போதுதான் பட்டம் முடித்து நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர் செவனிங், ஈபாஸ் பக்கம் போவதில் பயனில்லை. எராஸ்மஸ் முண்டஸ், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் (MEXT), கொரிய அரசின் ஜிகேஎஸ் (GKS), ஹங்கேரியின் ஸ்டிபெண்டியம் ஹங்காரிக்கம், துருக்கி அரசின் துர்கியே புர்ஸ்லாரி ஆகியவை அவருக்குப் பொருந்தும். ஐந்தாண்டு வேலை அனுபவமும் நடுத்தர மதிப்பெண்ணும் உள்ளவருக்கு நிலைமை தலைகீழ். நன்றாகப் பொருந்தும் ஐந்தாறு திட்டங்களுக்கு ஒழுங்காக விண்ணப்பிப்பதே ஒரு வருடத்துக்குப் போதுமான வேலை.

விதிகளைப் படிப்பது

நிறைய விண்ணப்பங்களைத் தேர்வாளர் பார்ப்பதே இல்லை. அதற்கு முந்தைய சரிபார்ப்பிலேயே அவை விழுந்துவிடுகின்றன. திறமைக்கு அங்கே வேலை இல்லை. தேதியும் எண்ணும் மட்டுமே பார்க்கப்படும்.

பணி அனுபவத்தைப் பலர் தோராயமாகக் கணக்கிடுகிறார்கள். செவனிங் இரண்டு ஆண்டு என்று சொல்வதன் பொருள் 2,800 மணி நேரம். வாரம் 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம், இரண்டு ஆண்டு என்பது கணக்கு. பகுதிநேர வேலை, பயிற்சிப் பணி, தன்னார்வப் பணி எல்லாவற்றையும் கூட்டலாம். ஆகவே ‘எனக்கு முழுநேர அனுபவம் இல்லையே’ என்று ஒதுங்கத் தேவையில்லை. சுவீடன் அரசு அமைப்பான சுவீடிஷ் இன்ஸ்டிடியூட்டின் உதவித்தொகைக்கு 3,000 மணி நேரம் வேண்டும். அதை நிரூபிக்க அவர்கள் கொடுக்கும் படிவத்தில்தான் அலுவலகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் அழகாக எழுதி வாங்கிய அனுபவச் சான்றிதழ் அங்கே செல்லாது. ஈபாஸில் இரண்டு ஆண்டு அனுபவம் பட்டம் பெற்ற பிறகு கிடைத்ததாக இருக்க வேண்டும். உலக வங்கியின் ஜப்பான் திட்டத்துக்கு மூன்று ஆண்டு அனுபவம் தேவை. விண்ணப்பிக்கும் நேரத்தில் வேலையிலும் இருக்க வேண்டும். அதனால் படிப்புக்குத் தயாராகிறேன் என்று வேலையை முன்கூட்டியே விட்டுவிடாதீர்கள்.

வயது வரம்பும் ஆளுக்கு ஆள் மாறும். பிரான்சின் ஐஃபெல் உதவித்தொகைக்கு முதுநிலையில் 25, துருக்கிக்கு 30க்குக் கீழ், மெக்ஸ்டுக்கும் சீன அரசின் உதவித்தொகைக்கும் 35க்குக் கீழ், ஜிகேஎஸுக்கு 40க்குக் கீழ். எராஸ்மஸ் முண்டஸுக்கு வயது வரம்பு கிடையாது. வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதை அறிவிப்பில் தேடிப் பாருங்கள். விண்ணப்பிக்கும் தேதியாக இருக்காது. பெரும்பாலும் படிப்பு தொடங்கும் காலத்தை ஒட்டிய ஒரு தேதி குறிக்கப்பட்டிருக்கும்.

பட்டத்துக்கும் வயது உண்டு. ஈபாஸில் கடைசியாகப் பெற்ற பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஜெர்மனியில் ஏற்கெனவே 15 மாதங்களுக்கு மேல் வசித்தவருக்கும் அது கிடையாது. ஜிகேஎஸில் தூதரக வழி, பல்கலைக்கழக வழி என்று இரண்டு உண்டு. ஏதாவது ஒன்றில்தான் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் போட்டால் இரண்டும் ரத்து. ஐஃபெலில் ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் அதே நிலைப் படிப்புக்கு மறுபடி வர முடியாது. எனவே அரைகுறைத் தயாரிப்போடு ‘சும்மா போட்டுப் பார்க்கலாம்’ என்பது அங்கே ஆபத்து.

மூன்றாண்டு இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உதவித்தொகைத் திட்டம் ஏற்றுக்கொண்டாலும் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு நான்காண்டுப் பட்டம் கேட்கலாம். படிப்பின் பக்கத்தில் தெளிவாக இல்லையென்றால் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘முழு உதவித்தொகை’ எவ்வளவு முழு?

கல்விக் கட்டணம், மாதச் செலவுத்தொகை, விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, விசாச் செலவு என்று ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொரு திட்டத்துக்கும் நிரப்பிப் பாருங்கள். எல்லாக் கட்டமும் நிறைவது அபூர்வம்.

எராஸ்மஸ் முண்டஸில் கல்விக் கட்டணம் இல்லை; மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். ஆனால் பயணம், விசா, வீடு எல்லாம் அந்த 1,400க்குள்தான். படிப்பு குறைந்தது இரண்டு நாடுகளில் நடப்பதால் நடுவில் ஒருமுறை வீடு மாற்றும் செலவும் சேரும். ஈபாஸில் மாதம் 992 யூரோவோடு காப்பீடும் பயணப்படியும் வருகின்றன. ஜெர்மன் விசாவுக்குச் சொந்தச் செலவில் போகிறவர் முடக்குக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) போட வேண்டிய 11,904 யூரோவை 12 ஆல் வகுத்தாலும் அதே 992தான் வரும். அதாவது ஒருவர் வாழக் குறைந்தபட்சம் இது வேண்டும் என்று அரசு கருதும் தொகை. உதவித்தொகைக் கடிதம் இருப்பவர் அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டியதில்லை.

ஹங்கேரித் திட்டத்தில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் முதுநிலை மாணவருக்கான மாதத்தொகை 43,700 ஃபோரின்ட். அதை வைத்து புடாபெஸ்டில் மாதத்தை ஓட்ட முடியாது. விடுதி இடத்தையோ வீட்டு வாடகைக்கான சிறு உதவியையோ சேர்த்தாலும் கையிலிருந்து போட வேண்டிவரும். ஐஃபெல் மாதத்தொகை தரும், கல்விக் கட்டணம் தராது. நெதர்லாந்தின் என்எல் ஸ்காலர்ஷிப் முதலாண்டில் ஒரே ஒருமுறை தரும் 5,000 யூரோ; அங்குள்ள கட்டணத்துக்கு முன்னால் அது ஒரு தள்ளுபடிக் கூப்பன் மாதிரி. ஆகா கான் அறக்கட்டளையின் உதவியில் பாதி மானியம், பாதி கடன்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் போகக்கூடிய இடம் எது என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

எந்தத் திட்டமும் பெரும்பாலும் தராத செலவுகள் ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், வீட்டு முன்பணம். முதல் மாதத்தொகை அங்கே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வரும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஒன்றரை மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும்.

காலண்டர்

படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது என்றால் அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். ஈபாஸில் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. பல முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடுகிறது. பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகைக்கும் அக்டோபர்தான் வழக்கம். எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஹங்கேரிக்கு ஜனவரி நடு. துருக்கிக்கு ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20. கொரியா பிப்ரவரி, மார்ச். ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் பல நாடுகளுக்குப் பிப்ரவரியில் திறந்து ஏப்ரல் கடைசியில் மூடும். அது அடுத்த ஆண்டு தொடங்கும் படிப்புக்கு. மெக்ஸ்டின் தூதரக வழியும் ஏப்ரல் வாக்கில் தொடங்கும், அதுவும் அடுத்த ஆண்டுக்குத்தான். நாட்டுக்கு நாடு தேதி வேறுபடும் என்பதால் உங்கள் நாட்டுக்கான அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள்.

தேதியைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது வேறு. உதவித்தொகையும் பல்கலைக்கழகச் சேர்க்கையும் பல இடங்களில் இரண்டு தனி வாசல்கள். எராஸ்மஸ் முண்டஸில் ஒரே விண்ணப்பம் இரண்டுக்கும் போதும். செவனிங்கில் மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டுவிட்டு அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நீங்களே தனியாக விண்ணப்பித்து, ஜூலையில் வரும் கெடுவுக்குள் நிபந்தனையற்ற சேர்க்கை (எந்தத் தேவையும் பாக்கியில்லாத சேர்க்கைக் கடிதம்) வாங்க வேண்டும். நேர்காணலில் தேறியபின், ஆங்கிலத் தேர்வு முடிவு வராததால் இடத்தை இழக்கிறவர்கள் உண்டு. சுவீடனில் ஜனவரி நடுவுக்குள் பொதுச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பித்து 900 குரோனா கட்டியிருக்க வேண்டும். பிப்ரவரியில் உதவித்தொகைத் தளம் திறக்கும்போது அந்த விண்ணப்ப எண் இல்லாதவருக்கு உள்ளே நுழைய வழியில்லை. ஐஃபெலுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கல்வி நிறுவனம்தான் அனுப்பும். நிறுவனத்தின் உள் கெடு அதிகாரப்பூர்வ கெடுவுக்கு முன்பே வந்துவிடும். கிளாரண்டனுக்குத் தனி விண்ணப்பமே இல்லை. டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் படிப்புக்கு விண்ணப்பித்த எல்லோரையும் தானாகப் பரிசீலிக்கிறார்கள். மெக்ஸ்ட் தூதரக வழியில் முதல் கட்டத் தேர்வில் தேறியவர், குறுகிய காலத்துக்குள் ஜப்பானியப் பேராசிரியர்களுக்குத் தானே எழுதித் தற்காலிக ஏற்புக் கடிதம் வாங்க வேண்டும். தேர்வுக்கு முன்பே பேராசிரியர்களின் பட்டியலும் ஆராய்ச்சித் திட்டமும் தயாராக இருந்தால் அந்தச் சில வாரங்களில் மூச்சு விடலாம்.

ஆவணங்கள்

மெதுவாக நகரும் ஆவணத்தை முதலில் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலின் அதிகாரப்பூர்வப் பிரதி, மொழிபெயர்ப்பு, அத்தாட்சி ஆகிய மூன்றும் வாரக்கணக்கில் இழுக்கும். ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்னாலும் எழுதக்கூடாது, கெடுவுக்குப் பத்து நாள் முன்பும் எழுதக்கூடாது. மறுபடி எழுத ஒரு வாய்ப்பு மிஞ்சும்படி தேதி எடுங்கள். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்து எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்து நிராகரிக்கப்படுவது சகஜம், ஆகவே பகுதிவாரித் தேவையையும் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரித்தும் பட்டச் சான்றிதழில் விரிக்காமலும் இருப்பது இன்னொரு தொல்லை. எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதி, இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்துவிடுங்கள். மதிப்பெண் சதவீதத்தை நீங்களாக நான்குக்கு இத்தனை என்று மாற்றி எழுதாதீர்கள். சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதி, அளவுகோலைக் குறிப்பிட்டால் போதும். மாற்றும் சூத்திரம் அவர்களிடம் இருக்கிறது. ஈபாஸ் போன்றவை தன்விவரக் குறிப்பை ஐரோப்பாவின் பொது வடிவமான யூரோபாஸில், கையெழுத்திட்டுக் கேட்கின்றன. கையெழுத்து இல்லாத தாள் அங்கே முழுமையற்ற விண்ணப்பம்.

கட்டுரை

தேர்வாளர் ஒரு நாளில் படிக்கும் கட்டுரைகளில் பாதி, சிறு வயதிலிருந்தே இந்தத் துறையில் ஆர்வம் என்றுதான் தொடங்கும். உங்களுடையது வேலையில் தொடங்கட்டும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

“நீர் மேலாண்மை படித்து என் நாட்டின் நீர்ப் பிரச்சினைகளைத் தீர்க்க விரும்புகிறேன்.”

“கடலோரக் கிராமங்களின் குடிநீர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதை மூன்று ஆண்டுகளாக அளந்து வருகிறேன். அளவுகள் என்னிடம் உள்ளன. பத்தாண்டில் எந்தக் கிணறு முதலில் கெடும் என்று கணிக்கும் முறை தெரியாது. உங்கள் படிப்பின் இரண்டாம் பருவத்தில் உள்ள நிலத்தடி நீர் மாதிரியாக்கப் பாடம் அதைத்தான் கற்றுத்தருகிறது.”

இரண்டாவதில் என்ன செய்தார், எங்கே முட்டி நிற்கிறார், இந்தப் படிப்பில் எது அந்த முட்டுக்கட்டையை எடுக்கும் என்ற மூன்றும் இருக்கின்றன. நான்காவதாக, திரும்பிப் போய் எந்த வகை அலுவலகத்தில், எந்தப் பொறுப்பில் இதைப் பயன்படுத்துவார் என்பதையும் சொல்லிவிட்டால் கட்டுரையின் எலும்புக்கூடு முழுமையாகிவிடும். ஐந்தாண்டில் அமைச்சர் ஆவேன் என்று எழுத வேண்டாம். இப்போதிருக்கும் படியிலிருந்து அடுத்த இரண்டு படிகளை நம்பும்படி காட்டினால் போதும்.

பாடத்தின் பெயரைச் சொல்லும்போது அந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைத் திறந்து சரிபாருங்கள். நிறுத்தப்பட்ட பாடத்தைப் புகழ்ந்து எழுதினால் பழைய கட்டுரையை ஒட்டியது தெரிந்துவிடும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில் இன்னொன்றின் பெயர் தங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

செவனிங் தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்த்தல், படிப்புத் தேர்வு, வேலைத் திட்டம் என்று நான்கு கேள்வி கேட்கிறது. தலைமைக் கேள்விக்குப் பதவிப் பெயர்களை அடுக்குவார்கள். பதவியில்லாமல் நீங்கள் மாற்றிய ஒரு விஷயம் அதைவிட நன்றாக நிற்கும்: என்ன சிக்கல், யார் எதிர்த்தார்கள், என்ன செய்தீர்கள், பிறகு எந்த எண் மாறியது. தொடர்புக் கேள்விக்கு எத்தனை மாநாட்டுக்குப் போனீர்கள் என்பது பதிலாகாது. ஒருவரோடு ஏற்பட்ட அறிமுகம் எந்த வேலையாக முடிந்தது, அவருக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் வெற்றி பெற்ற கட்டுரைகளைப் படிப்பதில் தவறில்லை. வரிகளை எடுத்தால் ஒப்புமை காட்டும் மென்பொருளில் சிக்கும்.

பரிந்துரைக் கடிதம்

பெரிய பதவியில் இருப்பவரின் நான்கு வரியைவிட, உங்கள் வேலையை நேரில் பார்த்தவரின் ஒரு பக்கம் மேல். குறைந்தது ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது தன்விவரக் குறிப்பு, கட்டுரையின் வரைவு, திட்டத்தின் நோக்கம், கெடு, அவரோடு செய்த இரண்டு வேலைகளின் நினைவூட்டல் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் கொடுத்துவிடுங்கள். கட்டுரையில் நீங்கள் சொல்லும் அதே நிகழ்வு கடிதத்தில் இன்னொருவர் பார்வையில் வருவது பலம். அலுவலக மின்னஞ்சல் முகவரியைத் தரச் சொல்லுங்கள். ஜிமெயில் முகவரியை ஏற்காத திட்டங்கள் உண்டு. பரிந்துரைப்பவருக்கு வரும் படிவ இணைப்பு ஸ்பேம் பெட்டியில் போய் விழுவது வழக்கம். பெயரைப் பதிவு செய்த அன்றே அழைத்து, வந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

நேர்காணல்

கட்டுரையில் எழுதியதையே கிளறுவார்கள். எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாலுள்ள கதை வாயில் வர வேண்டும். ‘உங்கள் நாட்டிலேயே இந்தப் படிப்பு இருக்கிறதே?’, ‘இந்த உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?’ என்ற இரண்டும் அநேகமாக வரும். இரண்டாவதற்கு ‘வேறு வழியே இல்லை’ என்ற பதில் இரக்கத்தைச் சம்பாதிக்கும், இடத்தைச் சம்பாதிக்காது.

கையெழுத்திடும் முன்

அரசுப் பணத்தோடு பெரும்பாலும் திரும்பும் நிபந்தனை வரும். செவனிங்கில் படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். ஆசிய வளர்ச்சி வங்கித் திட்டத்திலும் இரண்டு ஆண்டு. ஆஸ்திரேலியா அவார்ட்ஸில் நிபந்தனையை மீறினால் செலவான தொகை உங்கள் பேரில் கடனாக மாறும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட்டில் போகிறவருக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா. சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு வாழ்ந்து முடிக்கும் வரை அமெரிக்காவின் எச் வகை வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியாது. படித்த நாட்டிலேயே வேலை தேடுவதுதான் திட்டமென்றால் எராஸ்மஸ் முண்டஸ் போல அப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லாதவற்றைப் பாருங்கள். குடும்பத்தை அழைத்துப்போக நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் பாடவகுப்பு வழி முதுநிலை மாணவர்கள் துணையையும் குழந்தைகளையும் கொண்டுவர முடியாது. அரசு உதவித்தொகை பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் செவனிங் அவர்களின் செலவை ஏற்காது.

இங்கே பெயர் சொன்ன அரசுத் திட்டங்கள் எவையும் உதவித்தொகைக்கென்று விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. சுவீடனில் கட்டும் 900 குரோனா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கானது. ‘இடம் உறுதி, செயலாக்கக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று யார் கேட்டாலும் மோசடி. சந்தேகமிருந்தால் அந்த நாட்டுத் தூதரகத் தளத்திலிருந்து திட்டத்தின் இணைப்புக்குப் போய்ப் பாருங்கள்.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்தால் அதை நிராகரிப்பாக எண்ணிச் சேர்க்கை இடத்தை விட்டுவிடாதீர்கள். தேர்வானவர்களில் சிலருக்கு வேறு திட்டமும் கிடைத்து விலகுவார்கள். அந்த இடங்கள் கோடைக்காலம் வரைகூட நிரம்பிக்கொண்டிருக்கும். அதுவரை நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம், செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசாவுக்குத் தேவையான காசநோய்ப் பரிசோதனை போன்றவை தயாராக இருக்க வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். உங்களுக்கே இரண்டு கிடைத்தால் வேண்டாததை உடனே எழுதி மறுத்துவிடுங்கள்; பட்டியலில் அடுத்திருப்பவருக்கு விசா எடுக்க நேரம் வேண்டும்.